பன்னிரண்டு அறைக்கு எத்தனை படகு?

கேள்வி: ஐயா, எனக்கு 34 வயது. திருகோணமலை மாவட்டம் நிலாவெளியில் கடற்கரையை ஒட்டி அப்பாவுக்கு ஒரு ஏக்கர் காணி இருக்கிறது. அப்பா கரைவலைச் சம்மாட்டியாக (வலைக்குச் சொந்தக்காரராக) இருந்தவர். இப்போது முடியாமல் வீட்டில் இருக்கிறார். மாமா இன்னும் படகில் போகிறார். நான் கட்டாரில் ஒரு ஹோட்டலில் ஆறு வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். தூண்டில் போடுவதற்கென்றே வரும் வெளிநாட்டவர்களுக்கு, விமான நிலையத்தில் ஏற்றுவது முதல் திருப்பி அனுப்புவது வரை எல்லாம் அடங்கிய ஒரு ரிசோர்ட் தொடங்க ஆசை. 12 அறைகள், நீச்சல் தடாகம், உணவகம், இரண்டு படகுகள் என்று திட்டம் போட்டிருக்கிறேன். கனடாவில் இருக்கும் அண்ணன் பாதிப் பணம் தருவார். மீதிக்கு வங்கிக் கடன் எடுக்க யோசிக்கிறேன். எங்கிருந்து தொடங்க வேண்டும்? இது சரிவருமா?
— நிலாவெளி வாசகர்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த நான்கு பக்கத் திட்டத்தை இரண்டு தரம் வாசித்தேன். குளியலறை ஓட்டின் நிறம் வரை எழுதியிருக்கிறீர்கள். படகுக்கு ஒரே ஒரு வரி: "2 படகு, எஞ்சினுடன்." ஹோட்டலில் ஆறு வருடம் நின்றவர் அறையிலிருந்து தொடங்குவது இயல்புதான். ஆனால் தூண்டில் விடுதியின் கணக்குப் படகிலிருந்து பிறப்பது. நாமும் அங்கிருந்தே போவோம்.

24 முதல் 28 அடி வரையுள்ள ஃபைபர் படகில், ஓட்டுபவரும் உதவியாளும் போக, வீசித் தூண்டில் போடுபவர்கள் இரண்டு பேர் வசதியாக நிற்கலாம். மூன்றாவது ஆள் ஏறினால் முறை வைத்து வீச வேண்டும். நான்காவது ஆள் ஏறினால் ஒருவருடைய தூண்டில் முள் இன்னொருவருடைய காதில் கொளுவும். இதை நான் பார்த்திருக்கிறேன், கழற்றியும் இருக்கிறேன். உங்கள் 12 அறையும் நிறைந்தால் 24 பேர். அதில் பாதிப்பேர்தான் மீன்பிடிக்க வந்தவர்கள் என்று வைத்து, படகுக்கு மூன்று பேரை ஏற்றினாலும் நான்கு படகு வேண்டும். பழுதுக்கு ஒன்று சேர்த்தால் ஐந்து. ஐந்து படகுக்குப் பத்து ஆட்கள். கடலும் தெரிந்து, விருந்தினரோடு பொறுமையாகப் பேசவும் தெரிந்த பத்துப் பேரை நிலாவெளியிலும் இறக்கக்கண்டியிலும் குச்சவெளியிலும் சேர்த்துத் தேடினாலும் ஒரு பருவத்தில் திரட்டிவிட முடியாது. இரண்டு படகோடு 12 அறை கட்டினால் நீங்கள் நடத்தப்போவது சாதாரணக் கடற்கரை ஹோட்டல். அது நிலாவெளியிலும் உப்புவெளியிலும் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

ஆகவே இரண்டு படகு, நான்கு அறை. அதற்குமேல் முதல் மூன்று வருடம் யோசிக்கவே வேண்டாம்.

வரப்போகிறவர் யார் என்றும் கொஞ்சம் சொல்கிறேன். நான் மாலைதீவில் ஒன்பது வருடம் இப்படிப்பட்ட விடுதி ஒன்றின் படகுகளைப் பார்த்துக்கொண்டேன். பிறகு ஊருக்கு வந்து இதே தொழிலுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கிறேன். தூண்டில்காரர் தனியாக வருவது குறைவு. மூன்று நண்பர்கள், அல்லது அப்பாவும் மகனும். ஒரு றீலுக்கு அவர் கொடுத்த விலைக்கு இங்கே ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கலாம். இரவு எட்டரைக்குப் படுத்து நாலு மணிக்கு எழும்புவார். நீச்சல் தடாகத்தைக் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார். முன்பதிவுக்கு முன் அவர் அனுப்பும் கேள்விகளில் அறையைப் பற்றி ஒன்றுகூட இருக்காது: எத்தனை எஞ்சின், எத்தனை குதிரைவலு, படகோட்டிக்கு எத்தனை வருட அனுபவம், போன வருடம் இதே கிழமையில் என்ன மீன் பட்டது. கடைசிக் கேள்விக்கு உங்களிடம் எழுதிவைத்த பதில் இருக்கிறதா?

இல்லையென்றால் இன்றைக்கே ஒரு கொப்பி வாங்குங்கள். மாமா கரைக்கு வரும் ஒவ்வொரு நாளும் திகதி, காற்று எந்தப் பக்கம், நீரோட்டம், எந்த இடம், என்ன மீன், எத்தனை, எந்த இரை என்று குறியுங்கள். இடத்துக்கு மாமா வைத்திருக்கும் பெயரையே எழுதுங்கள். பிறகு ஜீபிஎஸ் கருவியில் குறித்துக்கொள்ளலாம். ஒரு முழுப் பருவக் குறிப்பு உள்ள கொப்பி ஓட்டுக்கூரையை விடப் பெறுமதியானது.

திருகோணமலைக் கடலுக்கு இந்தத் தொழிலில் ஒரு தனிச் சலுகை இருக்கிறது. கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே தொடங்கி வெளியே போகும் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று இருப்பதால் ஆழம் கரைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. கோணேசர் மலையிலிருந்து திமிங்கிலத்தைப் பார்க்க முடிவதற்கும் காரணம் அதுதான். மற்ற இடங்களில் மூன்று மணி நேரம் ஓடிப் போய்ச் சேரும் ஆழத்துக்கு இங்கே அவ்வளவு எரிபொருள் செலவில்லை. மயில்மீன், சூரை வகைகள் ஒரு பக்கம். கற்பார்களில், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளில், பெரும் பாரை, கலவாய், விளை. இழுவைத் தூண்டிலுக்கு அறுக்குளா, சீலா, கட்டா. களப்புப் பக்கம் கொடுவா. ஒரே கிழமையில் ஒருவருக்கு மூன்று விதமான மீன்பிடியைக் காட்டலாம். இதை உங்கள் திட்டத்தில் ஓரிடத்தில்கூட எழுதவில்லை. சூரிய அஸ்தமனம் பற்றி அரைப்பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நாம் இருப்பது கிழக்குக் கரை, தம்பி. இங்கே சூரியன் கடலில் உதிக்கும்.

பருவத்துக்கு வருவோம். விளம்பரங்களில் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை கடல் கண்ணாடி மாதிரி என்பார்கள். கரையில் நின்று பார்த்தால் அப்படித்தான் தெரியும். மே மாதத்துக்குப் பிறகு அடிக்கும் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, தரையிலிருந்து கடலை நோக்கிப் போகிற காற்று. கரையோரம் அலை எழும்ப அதற்கு இடமில்லை; வெளியே போகப் போகத்தான் அலை வளரும். மாமாவுக்கு இது மூச்சு விடுகிற மாதிரித் தெரிந்த விஷயம். உங்கள் விருந்தினருக்குத் தெரியாது. காலை ஒன்பது மணிக்குக் கரையைப் பார்த்து "கடல் நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் திரும்பச் சொல்கிறீர்கள்?" என்று கேட்பார்.

ஒரு ஜூலை மாதம் நானும் இரண்டு விருந்தினரும் படகோட்டியும் வெளியே நின்றோம். பத்தரை மணி இருக்கும். எஞ்சின் இரண்டு தரம் இருமி நின்றது. எரிபொருளில் தண்ணீர். கச்சான் எங்களைப் பின்னால் தள்ளத் தொடங்கியது. படகோட்டி வடிகட்டியைக் கழற்றிச் சட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கோணேசர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அது உள்ளங்கை அளவு இருந்தது. அவர் வடிகட்டியைத் திரும்பப் பூட்டும்போது கட்டைவிரல் நகம் அளவுக்கு வந்துவிட்டது. அந்தத் திசையில் தள்ளிக்கொண்டே போனால் நடுவில் அந்தமான் வரை ஒரு துண்டு நிலம் கிடையாது. எங்களிடம் 15 குதிரைவலுவில் ஒரு சின்ன எஞ்சின் தனித் தாங்கியோடு இருந்ததால் பின்னேரம் கரை சேர்ந்தோம். விருந்தினர் அதை ஒரு சாகசமாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் ஒவ்வொரு படகுக்கும் இரண்டாவது எஞ்சின், அதற்கு வேறாக எரிபொருள் தாங்கி, தண்ணீர் பிரிக்கும் வடிகட்டி, ஆபத்து அழைப்புக்கான 16ஆம் அலைவரிசையைக் கேட்கும் வானொலி, ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி. அங்கி பெட்டிக்குள் இருக்கக்கூடாது, உடம்பில் இருக்க வேண்டும். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் பாதை (ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவை) கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறந்ததை நமது மாவட்டத்தில் யாருக்கும் சொல்லி நினைவூட்ட வேண்டியதில்லை. கடலோடி வளர்ந்த ஆட்கள் அங்கி போட வெட்கப்படுவார்கள். உங்கள் மாமாவும் வெட்கப்படுவார். அவர் போட்டால்தான் விருந்தினர் போடுவார் என்று சொல்லிப் பாருங்கள். அந்தக் கௌரவத்துக்காகப் போடுவார்.

மாமாவைப் பற்றித்தான் அடுத்த பேச்சு. அவர் உங்கள் மிகப் பெரிய சொத்து. ஆனால் வலைக்குப் போகிறவர் ஒரே நாளில் வழிகாட்டியாகிவிட மாட்டார். இரண்டும் வேறு தொழில். வலைக்காரருக்கு மீன் படகுக்குள் வந்தால் வேலை முடிந்தது. வழிகாட்டிக்கு விருந்தினரே மீனைக் கொளுவ வேண்டும், அவரே இழுக்க வேண்டும், தவறவிட்டாலும் அவரே தவறவிட வேண்டும். தூண்டில் கோலைப் பிடுங்கி இழுத்துக் கொடுத்துவிட்டு "பார், எடுத்துத் தந்தேன்" என்று சிரித்த ஒரு நல்ல மனிதரை எனக்குத் தெரியும். அந்த விருந்தினர் மறுநாளே அறையைக் காலி செய்தார்.

இதைவிடக் கடினம் மீனை விடுவது. பெரும் பாரையைத் தேடி வருகிறவர்களில் மிகப் பெரும்பாலானோர் பிடித்து, படம் எடுத்து, உயிரோடு விட்டுவிடுகிறவர்கள். முதல் தரம் இதைப் பார்த்த எங்கள் படகோட்டியின் முகம் எனக்கு மறக்காது. இருபது கிலோவுக்குக் குறையாத பாரை. முக்கால் மணி நேரப் போராட்டம். விருந்தினர் அதன் வாலைப் பிடித்துத் தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து, செவுள் விரிந்து மூடும் வரை காத்திருந்தார். மீன் ஒரு தரம் உடம்பைச் சிலிர்த்தது. அவர் கையை எடுத்தார். அது நேரே கீழே போய்விட்டது. எங்கள் ஆள் மறுபக்கம் திரும்பி வெற்றிலைப் பையை அவிழ்த்தார். கரைக்கு வரும் வரை ஒரு சொல் பேசவில்லை. இறங்கும்போது மட்டும் என்னிடம் சொன்னார்: "என்ர வீட்டில நேற்றுக் கறிக்கு நெத்தலிதான் தம்பி." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்தேன். விடப்பட்ட ஒவ்வொரு பெரிய மீனுக்கும் படகாட்களுக்கு ஒரு தொகை, சம்பளத்துக்கு வெளியே, அன்றைக்கே கையில். அதற்கான பணம் விருந்தினரின் கட்டணத்திலேயே அடங்கியிருக்கும். இரண்டாவது மாதம் அதே மனிதர் தூண்டில் முள்ளின் எதிர்க்கொக்கியைத் தானே குறட்டால் நசுக்கி வைக்கத் தொடங்கினார், கழற்றுவது சுலபம் என்று.

அறுக்குளா, சூரை போன்றவற்றில் சமையலுக்கு இரண்டு மூன்றை எடுப்பதில் யாருக்கும் வருத்தமில்லை. கற்பாரில் வாழும் பெரிய மீன்களை மட்டும் விட்டுவிடுங்கள். ஒரு பாரில் இருக்கும் பெரும் பாரைகளை ஒரு பருவத்தில் கொன்று தீர்த்தால் அடுத்த பருவத்தில் காட்டுவதற்கு எதுவும் இருக்காது. சுறாவிலும் கவனம் வேண்டும். நீள்வால் சுறாவைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் 2012 முதல் தடை. தெரியாமல் கொளுவினால் நூலை வெட்டிவிட வேண்டியதுதான். படகுக்குள் ஏற்றிப் படம் எடுக்க விட்டால் அந்தப் படமே உங்களுக்கு எதிரான சாட்சி.

இனிக் கரை. நீங்கள் சம்மாட்டி வீட்டுப் பிள்ளை. கரைவலைப் பாடு, அதாவது வலை இழுப்பதற்கென்று ஒதுக்கிய கரைத்துண்டு, என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்து விடுதி கட்டியவர்கள் பலர் அது தெரியாமல்தான் முட்டிக்கொண்டார்கள். வலை இழுக்கும் மணலில் சாய்கதிரை போட்டார்கள். கரையைப் பார்த்துப் பெரிய விளக்குகளைப் பூட்டினார்கள். கச்சான் காலத்தில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து வந்து வாடி (தற்காலிகக் குடில்) அடிப்பவர்களோடும் வாய்த்தர்க்கம். ஊர்ச் சங்கம் ஒரு பக்கம், விடுதி ஒரு பக்கம் என்று ஆகிவிட்டால் படகோட்டி கிடைக்க மாட்டார், ஐஸ் கிடைக்காது, கெட்டுப்போன எஞ்சினை இழுத்துவர ஒரு வள்ளமும் வராது.

கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். கட்டடம் கட்டத் தொடங்கிய பிறகு போகக்கூடாது. அத்திவாரம் வெட்டும் முன் போங்கள். மூன்று வாக்குறுதி கொடுங்கள்: வலை இழுக்கும் நேரத்தில் உங்கள் முன்கரை அவர்களுக்கு, சமையலறைக்கு வேண்டிய மீனைக் கரையில் ஏலம் போகும் விலைக்கே வாங்குவீர்கள், இரண்டாவது படகு உங்களுடையதாக இருக்காது, சங்க உறுப்பினர் ஒருவரின் படகை நாள் வாடகைக்கு எடுப்பீர்கள். மூன்றாவது உங்களுக்கே இலாபம். படகு வாங்கும் பணம் மிச்சம். கடலில் உங்களுக்காகக் கண் வைத்திருக்க ஒரு குடும்பம் கூடும்.

ஒன்று மறக்க வேண்டாம்: வெடி வைத்துப் பிடித்த மீன் உங்கள் சமையலறைக்குள் வரக்கூடாது. தசை குழைந்திருக்கும், கண்ணில் இரத்தம் கட்டியிருக்கும், வெட்டினால் முள்ளந்தண்டு உடைந்திருக்கும். மலிவாகக் கிடைக்கும்போதுதான் கவனமாகப் பார்க்க வேண்டும். உங்கள் விருந்தினர் காசு கொடுத்துப் பார்க்க வரும் கற்பார்களை உடைத்தெடுத்த மீன் அது.

படகாட்களின் நாட்காட்டியையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். நம்மூரில் முஸ்லிம் தொழிலாளர் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு நிற்பார்கள். கோயில் திருவிழாவுக்கு இந்துக்கள். ஞாயிறு பூசைக்குக் கத்தோலிக்கர். மூன்று பக்கத்திலிருந்தும் ஆட்கள் இருந்தால் வாரத்தில் ஏழு நாளும் படகு போகும். ஒரே பக்கத்தில் எடுத்தவர் பெருநாள் அன்று விருந்தினரை வைத்துக்கொண்டு கைபிசைந்ததைக் கண்டிருக்கிறேன்.

அனுமதிகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன்; அலுவலகப் படிகளில் ஏறும்போது நீங்களே கற்றுக்கொள்வீர்கள். முதலில் காணி. அப்பாவிடம் இருப்பது சொந்த உறுதிப் பத்திரமா, அரச அனுமதிப்பத்திரமா? 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கிய அரச காணி என்றால் நினைத்தபடி கைமாற்றவோ ஈடு வைக்கவோ முடியாது. பிரதேச செயலகத்தில் தொடங்க வேண்டும். அண்ணன் கனடாக் குடியுரிமை எடுத்தபோது இலங்கைக் குடியுரிமையை இழந்திருந்தால், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி அவர் பெயருக்குக் காணியை விற்க முடியாது. நீங்கள் கம்பனி தொடங்கி அதில் பாதிப் பங்கை அவருக்குக் கொடுத்தால் அந்தக் கம்பனிக்கும் அதே சிக்கல். இரட்டைக் குடியுரிமை இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. இதைப் பணம் வருவதற்கு முன் சட்டத்தரணியிடம் கேளுங்கள். அண்ணன் தம்பிக்குள் எழுத்து வேண்டாம் என்று சொல்லாதீர்கள், அண்ணன் தம்பிக்குள்தான் வேண்டும்.

உங்கள் காணி கரையை ஒட்டியது. சராசரி உயர் நீர்மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி கரையோர வலயம். கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் ஒரு மதில்கூட எழுப்பக்கூடாது. 2004 சுனாமிக்குப் பிறகு நம் பக்கம் 200 மீற்றர் என்று தடை போட்டுப் பின்னர் தளர்த்தினார்கள். தளர்த்தினார்களே என்பதற்காக அலை வந்த இடத்தில் படுக்கையறை கட்ட வேண்டுமா? காணியின் பின்பக்கம், உயர்ந்த அத்திவாரத்தில் கட்டுங்கள். முன்பக்கம் கிடுகுக் கொட்டில், கோல் கழுவும் தொட்டி, படகு இழுத்து வைக்கும் இடம். பிரதேச சபை, மத்திய சுற்றாடல் அதிகார சபை, சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைப் பதிவு என்று மீதி வரிசையாக வரும்.

படகுப் பதிவில் ஒரு கண்ணி இருக்கிறது. மாமாவின் படகு மீன்பிடிப் படகாகப் பதிவானது. கட்டணம் கொடுக்கும் விருந்தினரை அதில் ஏற்ற அந்தப் பதிவு போதுமா என்று கடற்றொழில் திணைக்களத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். அந்தக் கடிதத்தையும் காட்டித்தான் காப்புறுதி எடுக்க வேண்டும். விபத்து நடந்த பிறகு காப்புறுதிக்காரர் முதலில் பார்ப்பது படகு எதற்குப் பதிவானது என்பதைத்தான்.

கடலில் இரண்டு எல்லைகள். புறாத்தீவு 2003 முதல் தேசிய பூங்கா. அதன் நீர்ப்பரப்புக்குள் தூண்டில் நனையக்கூடாது. உங்கள் வாசலிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரம் என்பதால் விருந்தினர் கட்டாயம் கேட்பார். அங்கே மீனைப் பார்க்கக் கூட்டிப் போங்கள், பிடிக்க வேண்டாம். மற்றது உள்துறைமுகம். கடற்படையின் கிழக்குக் கட்டளையகம் அங்கே இருக்கிறது. அனுமதி இல்லாமல் படகு கொண்டு நுழைந்து விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.

எல்லாம் அடங்கிய சேவை என்றீர்கள். அது எங்கே தெரியும் என்றால் அதிகாலை மூன்றே முக்காலுக்குத் தெரியும். அந்த நேரத்தில் சமையலறையில் விளக்கு எரிய வேண்டும். போத்தலில் இஞ்சித் தேநீர், வாழையிலையில் சுற்றிய இடியப்பமும் சம்பலும், அது பழகாதவருக்குப் பாணும் முட்டையும். கடலில் எண்ணெய்ப் பலகாரம் கொடுக்காதீர்கள். ஏழு மணிக்குள் வெளியே வந்துவிடும். படகு திரும்பியதும் விருந்தினர் குளிக்கப் போவார். அந்த அரை மணிக்குள் ஓர் ஆள் எல்லாக் கோல்களையும் றீல்களையும் நல்ல தண்ணீரில் மெதுவாக நனைத்து, துடைத்து, நிழலில் சாய்த்து வைக்க வேண்டும். பீச்சி அடித்தால் உப்பு உள்ளே போய்விடும். குளித்துவிட்டு வந்து தன் கோல்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கிற மனிதர் அடுத்த வருடமும் வருவார். நீச்சல் தடாகம் கொண்டுவராத ஆளை இது கொண்டுவரும். கரையோரக் கிணறு உவர்ப்பாக இருந்தால் இதற்கென்றே மழைநீர்த் தாங்கி ஒன்று கட்டுங்கள்.

வாகனத்திலும் ஒரு சின்ன விஷயம். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து இங்கே ஏறக்குறைய ஆறு மணி நேரம். தூண்டில் கோல் வரும் குழாய் இரண்டு மீற்றருக்கு மேல் நீளமாகவும் இருக்கும். மூன்று பேர் மூன்று குழாய்களை மடியில் வைத்துக்கொண்டு ஹபரணை வரை வந்த கதை எனக்குத் தெரியும். வாகனத்தை அளந்து பிடியுங்கள். கூட வரும், மீன்பிடியாத மனைவிமாருக்குக் கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், புறாத்தீவு என்று இரண்டு நாள் ஓடும். மூன்றாம் நாளுக்கு நல்ல நிழலும் நல்ல மதியச் சாப்பாடும் போதும்.

பணம். 40 குதிரைவலு எஞ்சின் ஒன்று முழு வேகத்தில் மணிக்குக் குறைந்தது 12 முதல் 15 லீற்றர் குடிக்கும். இதை வைத்துப் படகுக்கு நாள் கட்டணம் போடுங்கள், ஆள் கணக்கில் போடாதீர்கள். ஒருவர் வந்தாலும் மூவர் வந்தாலும் எஞ்சின் குடிப்பது ஒன்றுதான். எரிபொருள் விலை மாறினால் கட்டணமும் மாறும் என்று முன்பதிவிலேயே எழுதுங்கள். மீன் படும் என்று ஒருபோதும் எழுதாதீர்கள். காற்றினால் படகு போகாத நாளுக்கு என்ன செய்வீர்கள் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். நான் வைத்த வழக்கம் இதுதான்: போவதா இல்லையா என்று தீர்மானிப்பவர் படகோட்டி ஒருவரே, போகாத நாளில் எரிபொருள் பங்கைத் திருப்பிக் கொடுப்போம், அறையும் சாப்பாடும் படகாள் கூலியும் நிற்கும். இதை வாசித்துவிட்டுப் பணம் கட்டியவர் சண்டை பிடித்ததில்லை.

வங்கிக் கடனுக்கு என் பதில், இப்போது வேண்டாம். 2019 ஏப்ரலில் குண்டுகள் வெடித்தன. 2020இல் கொரோனா. 2022இல் எரிபொருளுக்கு வரிசை, படகுக்கும் இல்லை, வாகனத்துக்கும் இல்லை. நான்கு வருடத்துக்குள் மூன்று பருவம் போனது. ஆனால் மாதத் தவணை எந்தப் பருவத்தையும் பார்ப்பதில்லை. அதோடு, நல்ல வருடத்திலும் உங்களுக்குக் கிடைப்பது ஆறு மாதம்தான். ஒக்டோபர் கடைசியில் வாடைக் காற்று தொடங்கினால் ஜனவரி வரை படகு கரையில். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் கரையேறியது உங்களுக்கு வடக்கே குச்சவெளிப் பக்கம். படகை எங்கே ஏற்றி வைப்பது என்ற கேள்விக்கு உங்கள் திட்டத்தில் பதில் இல்லை. வாடை மாதங்களில் எஞ்சினைக் கழற்றிப் பூட்டுங்கள், கூரையைப் பாருங்கள், வரும் பருவத்துக்கான முன்பதிவை எடுங்கள். அந்த மாதங்களுக்கும் அரைச் சம்பளமாவது கொடுக்க முடியாவிட்டால் நல்ல படகோட்டி மே மாதம் வேறு இடத்தில் நிற்பார். ஆறு மாத வருமானத்தில் பன்னிரண்டு மாதச் சம்பளம் வருகிறதா என்று கணக்குப் பாருங்கள். அதுதான் நீங்கள் கேட்ட "சரிவருமா" என்பதற்கான கணக்கு. நான்கு அறைக்கு அது வருகிறது. பன்னிரண்டுக்கு நான் எந்தப் பக்கத்தால் போட்டுப் பார்த்தும் வரவில்லை.

வரும் பருவத்தில் இப்படிச் செய்யுங்கள். அப்பாவின் வீட்டில் இரண்டு அறையைத் திருத்துங்கள். மாமாவின் படகுக்கு இரண்டாவது எஞ்சின், வானொலி, அங்கிகள் வாங்குங்கள். பதிவையும் காப்புறுதியையும் முடியுங்கள். கொழும்பிலேயே தூண்டில்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களை வார இறுதிகளில் குறைந்த கட்டணத்தில் அழையுங்கள். அவர்கள் கூச்சமில்லாமல் குறை சொல்லுவார்கள், நமது மொழியிலேயே சொல்லுவார்கள். மாமாவுக்கும் உங்களுக்கும் அதுதான் பயிற்சி. ஒக்டோபரில் கொப்பியையும் வரவு செலவையும் எடுத்துக்கொண்டு உப்புவெளிக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.

அதற்கு முன் காணி உறுதியின் பிரதி ஒன்றை அனுப்பிவையுங்கள். அதை ஒருவர் பார்க்கும் வரை, அந்தக் கட்டட வரைபடக்காரருக்கு மீதிப் பணம் கொடுக்க வேண்டாம்.